முதல் ஊசி

வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள் என்றால், பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு 37 வாரம் முடிவதற்குள் பிரசவமாகிவிடும். "அசையாமல் படுத்திரு, வலி வராது" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அம்மா, பாட்டிமார்களே, வருத்தப்படாதீர்கள். படுத்தே கிடப்பதால் பிரசவம் தள்ளிப்போவதில்லை. காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடுகிறது.

வேறென்னதான் வழி? ஓர் ஊசியைப் பற்றிச் சொல்கிறேன். எத்தனை முறை பேசினாலும் எனக்கு அலுக்காத விஷயம் அது. நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்றொரு மருத்துவர், பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று செம்மறி ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு மருந்து ஏற்றிய குட்டி ஒன்று, பிழைக்கவே முடியாத அளவு நாள் குறைந்து பிறந்தும் மூச்சுவிட்டது. அதன் நுரையீரல் ஓரளவு விரிந்திருந்தது! பிறகு ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து, கர்ப்பிணிகளுக்கு அந்த வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்து, 1972இல் முடிவை வெளியிட்டார். தாய்க்குப் போடும் ஊசி, பிள்ளையின் நுரையீரலைத் தயார் செய்கிறது. நம் அரசு மருத்துவமனைகளில் போடுவது டெக்சாமெத்தசோன்: 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கு ஊசி. விலை மிகக் குறைவு.

பிரசவ வலியை ஒரேயடியாக நிறுத்தும் மருந்து கிடையாது. மாத்திரை கொடுத்து இரண்டு நாள் தள்ளிப்போடப் பார்ப்போம். அந்த இரண்டு நாளும் இந்த ஊசிக்காகத்தான்.

ஒருமுறை மலையடிவாரக் கிராமத்திலிருந்து 31 வார இரட்டைக் கர்ப்பிணி ஒருவர் 108 ஆம்புலன்சில் வந்து இறங்கினார். கையில் பரிந்துரைச் சீட்டு. அதில் சிவப்பு மையில், பெரிய எழுத்தில், 'முதல் ஊசி காலை 9.40.' வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் போட்டு அனுப்பியிருந்தார். நான்கு ஊசியும் முடிந்த பிறகே பிரசவமானது. இரண்டு பெண் குழந்தைகளும் பிறந்தவுடன் வீறிட்டு அழுதன. அந்தச் செவிலியரை நான் பார்த்ததில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், சகோதரி, உங்களுக்கு என் நன்றி.

மூளையைக் காக்கும் மெக்னீசியம் ஊசி, மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறை, எல்லாம் சொல்ல ஆசை. நேரம் இல்லை. ஒன்று மட்டும். விட்டுவிட்டு இடுப்புவலி, வயிறு இறுகுதல், நீர்க்கசிவு, ரத்தம், இதில் எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஸ்கேனில் இரட்டை என்று தெரிந்த வாரமே, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனை பக்கத்தில் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.