சிறு வாணிகமும் இணையவழிப் பணவரவும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

நாகபுரியில் வாழும் நம்மவரில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர். ஆயினும் அண்மைக் காலமாக நம் காலனியில் மற்றொரு வருவாயும் துளிர்த்து வருகிறது. ஒரு வீட்டில் சாம்பார்ப்பொடி, ஒரு வீட்டில் முறுக்கும் சீடையும், மற்றொரு வீட்டில் ரவிக்கைத் தையல், இன்னொரு வீட்டில் பாட்டு வகுப்பு. இவற்றை நடத்துவோர் பெரும்பாலும் தாய்மார்களே. சரக்கு நன்று, வாங்குவோரும் உளர். ஆனால், பணத்தை எவ்வழியில் பெறுவது, எந்த நிறுவனத்தை நம்புவது என்ற வினா எழும்போது பலர் மயங்குகின்றனர். அம்மயக்கத்தை ஓரளவேனும் நீக்குவதே இன்றைய நம் நோக்கம்.

மணியார்டரும் வி.பி.பி.யும் பெருவழக்காயிருந்த காலத்தை நம்மில் மூத்தோர் அறிவர். மணியார்டருக்கு இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன் கொடுத்தோம். பணம் வந்து சேரப் பல நாள் காத்திருந்தோம். 2016ஆம் ஆண்டில் யு.பி.ஐ. என்னும் முறை வந்தது. அதனை நடத்துவது 2008இல் நிறுவப்பெற்ற என்.பி.சி.ஐ. என்னும் கழகமாகும். வாங்குபவர் தம் வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. வழியே செலுத்தினாலும், ரூபே டெபிட் கார்டில் செலுத்தினாலும், விற்பவரிடம் கட்டணம் பிடிக்கலாகாது என்னும் ஏற்பாடு 2020 ஜனவரி முதல் நாள் தொட்டு வழக்கில் வந்தது. நம்போன்ற சிறு வாணிகர்க்கு இதனினும் பெரிய உதவி வேறில்லை.

ஆகவே நாம் முதலில் எண்ண வேண்டுவது, நமக்கு வேண்டியது எது என்பதே. காலனிக்குள்ளும் அக்கம்பக்கத்திலும் விற்பவர்க்குத் தம் வங்கி தரும் க்யூஆர் அட்டை ஒன்றே போதும். மாதம் பத்துப் பார்சல் புனேக்கும் நாசிக்கிற்கும் அனுப்புபவர்க்கும் அதுவே போதும். முன்பணம் வந்தபின் பார்சலைக் கட்டலாம். சொந்தமாக இணையதளம் வைத்து, கிரெடிட் கார்டு, நெட் பாங்கிங் என எவ்வழியிலும் பணம் பெற விழைபவர்க்கே பேமெண்ட் கேட்வே நிறுவனம் தேவைப்படும். அண்டை வீட்டார் வைத்திருக்கிறார் என்பதற்காக நாமும் வைத்துக்கொள்ளுதல் வீண் செலவாகும்.

அத்தகைய நிறுவனம் வேண்டுமாயின் ஐந்து கேள்விகளைக் கேட்டறிதல் வேண்டும்.

முதலாவது: ரிசர்வ் வங்கியின் அனுமதி உண்டா? பிறர்க்காகப் பணம் வாங்கிச் சேர்ப்பிக்கும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் விதிகள் வகுத்தது. 2025 செப்டம்பரில் அவற்றைத் தொகுத்துப் புதுக்கியது. வங்கியல்லாத நிறுவனம் நம் பணத்தைத் தன் பணத்தோடு கலவாமல், வங்கியொன்றில் எஸ்க்ரோ என்னும் தனிக் கணக்கில் வைத்தல் வேண்டும். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உள்ளது. பட்டியலில் இல்லாதவரை, எத்துணை இனிமையாகப் பேசினும், விலக்குதலே முறை.

இரண்டாவது: கட்டணம் எவ்வளவு? "நூற்றுக்கு இரண்டுதான்" என்பார்கள். அதன்மேல் நூற்றுக்குப் பதினெட்டு ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 2 ரூபாய் 36 காசாகும். 500 ரூபாய்ப் பார்சலுக்கு 11 ரூபாய் 80 காசு. இது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால், அப்பார்சலில் இலாபம் 75 ரூபாய் என்று கொள்வோம். கட்டணம் போவது இந்த எழுபத்தைந்திலிருந்தன்றோ? இலாபத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. விற்பனைத் தொகையோடு ஒப்பிடாமல் இலாபத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை விளங்கும். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு மாத வாடகை, இணைப்புக் கட்டணம், ஆண்டுக் கட்டணம் உண்டா என்பதையும் எழுத்து மூலம் பெறுக. வாங்கியவர்க்குப் பணத்தைத் திருப்பித் தந்தாலும், பிடித்த கட்டணம் பெரும்பாலும் நமக்குத் திரும்புவதில்லை என்பதையும் நினைவில் வைக்க.

மூன்றாவது: பணம் எத்தனை நாளில் நம் கணக்கிற்கு வரும்? அடுத்த வேலை நாளிலா, அதற்கடுத்த நாளிலா? எக்காரணத்தால் நிறுத்தி வைப்பர்? நம் காலனி அம்மையார் ஒருவர்க்குத் தீபாவளிக்கு முந்தைய வாரம் பலகார ஆர்டர் மிகுதியாக வந்தது. விண்ணப்பத்தில் கணவர் பெயர். வங்கிக் கணக்கில் மனைவி பெயர். பெயர் பொருந்தவில்லை என்று நிறுவனம் பணம் முழுவதையும் நிறுத்தி வைத்தது. பண்டிகையோ காத்திராது. அம்மையார் தம் கைவளையை அடகு வைத்து மாவும் எண்ணெயும் வாங்கினார்; சொன்ன சொல் தவறாது எல்லோர்க்கும் பலகாரம் அனுப்பினார். பணம் வந்தது கார்த்திகையில். வட்டி போக இலாபம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. விண்ணப்பம், பான் அட்டை, வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருத்தல் வேண்டும். நம் பெயர்களின் முதலெழுத்து விரிந்தும் சுருங்கியும் எழுதப்படுவதால் வடநாட்டில் இத்தொல்லை நமக்கே மிகுதி.

நான்காவது: வாங்கியவர் முறையிட்டால் என்ன ஆகும்? கார்டில் செலுத்தியவர், "சரக்கு வரவில்லை" என்று தம் வங்கியிடம் முறையிடலாம். அப்போது அத்தொகையை நம்மிடமிருந்து திரும்ப எடுப்பர். மெய்ப்பித்தல் நம் பொறுப்பாகும். பில் நகலும் கூரியர் ரசீதும் கையிலிருந்தால் வழக்கு நம் பக்கம். ரசீதைக் குப்பையில் எறிந்தவர்க்கு வாதமில்லை.

ஐந்தாவது: குறை சொல்ல ஆள் உண்டா? குறைதீர்க்கும் அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் வெளிப்படையாக உள்ளனவா? சேர்வதற்கு முன்பே ஒரு முறை அழைத்துப் பார்க்க. சேருமுன் பேசாதவர் சேர்ந்தபின் பேசுவாரா?

ஒரே வழியை நம்புதலும் தகாது. 2024 ஜனவரி 31ஆம் நாள் பேடிஎம் பேமெண்ட்ஸ் பாங்கிற்கு ரிசர்வ் வங்கி தடைகள் விதித்தது. மார்ச் 15க்குப் பின் அங்குள்ள கணக்குகளில் புதிதாகப் பணம் செலுத்த இயலாதென்றாயிற்று. அந்த வங்கிக் கணக்கில் பணம் பெற்றுவந்த கடைக்காரர் விரைந்து வேறு வங்கியை நாட நேர்ந்தது. க்யூஆர் அட்டையை வேறு வங்கிக் கணக்கோடு இணைத்திருந்தவர்க்கு அவ்விடர் இல்லை. அட்டை எவருடையதாயினும், பணம் சேருமிடம் நாம் நேரே சென்று கேட்கத்தக்க வங்கிக் கிளையாக இருத்தல் நன்று. இரண்டாவது அட்டை ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

நம்மில் பலர் ரயில்வேயிலும் மத்திய அரசு அலுவலகங்களிலும் பணிபுரிகின்றோம். 1966ஆம் ஆண்டு ரயில்வே நடத்தை விதிகளின்படி ஊழியர் முன் அனுமதியின்றி வாணிகம் செய்தலாகாது. குடும்பத்தினர் வாணிகம் செய்தால் அதனைத் தெரிவித்தல் வேண்டும். மத்திய அரசின் 1964ஆம் ஆண்டு விதிகளும் இவ்வாறே கூறுகின்றன. எனவே மனைவியின் வாணிகப் பணத்தைக் கணவரின் சம்பளக் கணக்கில் வாங்குதல் கூடாது. அவர் பெயரில் தனிக் கணக்குத் தொடங்கி, அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுதல் பாதுகாப்பு. உழைத்தவர் பெயரில் பணம் சேர்தலே அறமும் ஆகும். வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்புவோர், ஜி.எஸ்.டி. பதிவு வேண்டுமா என்பதை முன்கூட்டியே ஆடிட்டரிடம் கேட்டறிக.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பணம் பெறுவதற்கு நாம் பின் எண் இட வேண்டுவதில்லை. இடச் சொல்பவர் ஏமாற்றுக்காரர். வாங்குபவர் காட்டும் திரைப்படத்தை நம்பிச் சரக்கைக் கொடாது, நம் கணக்கில் வரவு ஏறியதைக் கண்டபின் கொடுக்க. ஏமாற்றப்பட்டால் வெட்கித் தாமதியாது உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க. ரயில்வே கவுண்டரில் அன்றைய வரவை அன்றே சரிபார்த்துக் கணக்கு முடித்த பின்னரே எழுவோம். அவ்வொழுங்கை வீட்டு வாணிகத்திலும் கைக்கொண்டால் எந்த நிறுவனமும் நம்மை ஏய்க்க இயலாது.

ஞாயிறுதோறும் மாலையில் ஒரு மணி நேரம், இளைஞர் இருவர் சங்க நூலகத்தில் அமர்ந்து தாய்மார்களின் விண்ணப்பங்களைப் படித்துச் சரிபார்த்துத் தரலாமே! செயற்குழுவினர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக. நாம் தமிழ்நாட்டிலிருந்து இவ்வளவு தொலைவு வந்தது மானத்தோடு பிழைப்பதற்கே. அடுப்படியில் நின்று ஈட்டும் காசு ஒன்றேனும் வீணாகாதபடி காத்தல் சங்கத்தின் கடமையே என்று கூறி அமைகின்றோம்.