விழித்திரை வீக்கமும் நடுப்பார்வையும்



கண்ணின் பின்புறமுள்ள விழித்திரையின் நடுவே மேக்குலா எனப்படும் சிறு பகுதி உள்ளது. எழுத்தைப் படிக்கவும் முகத்தை இனங்காணவும் உதவுவது அதுவே. நீரிழிவு பல்லாண்டு நீடிக்கும்போது நுண்ணிய இரத்தக்குழாய்கள் நலிந்து கசிகின்றன. அக்கசிவு தேங்கி மேக்குலா வீங்குகிறது. சன்னிதியில் நிற்பவருக்குச் சுற்றியுள்ள விளக்குகள் தெரியும். நேரே நோக்கும் திருமுகம் மட்டும் மங்கும். கதவு நிலையின் நேர்க்கோடு வளைந்து தோன்றும். வலி இராது. ஒரு கண்ணின் குறையை மறு கண் மறைத்துவிடுவதால் பலர் காலந்தாழ்த்தியே உணர்கின்றனர். எனவே நீரிழிவு உடையோர், பார்வை தெளிவாயிருக்கும்போதே பலதுறை மருந்தகத்தில் விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்தல் வேண்டும்.

1985இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, லேசர் சிகிச்சை பார்வை இழப்பைப் பாதியளவு குறைக்கும் எனக் காட்டியது. பின்னர் வந்த ஊசி மருந்துகளோ பலருக்கு இழந்த பார்வையிலும் ஒரு பகுதியை மீட்டுத் தருகின்றன. கண்ணுக்குள் ஊசியா என அஞ்சுவது இயல்பே. ஆயினும் கண்ணை மரத்துப்போகச் செய்த பின்னரே ஊசி போடுவர். சில நொடிகளில் முடிந்துவிடும். முதற்சில மாதங்கள் மாதந்தோறும் போட நேரிடும். சற்றுத் தெளிந்ததும் நிறுத்திவிடுவோர் உளர். அவர்களுக்கு வீக்கம் மீளக்கூடும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லையேல் ஊசியின் பயனும் குறையக்கூடும். ஊசிக்குப் பின் கண்வலி மிகுந்தாலோ பார்வை குன்றினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.