விசாத் தாளில் என்ன எழுதியிருக்கிறது?

(நம் கல்லூரிப் பழைய மாணவர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வாழ்வில் வெற்றி பெறுவது எப்படி' என்று பேசச் சொல்லித்தான் செயலாளர் அழைத்தார். அதைப் பேச இந்த அரங்கில் என்னைவிடத் தகுதியானவர்கள் நூறு பேர் இருக்கிறார்கள். நான் தோற்ற கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லுகிறேன் என்றேன். யோசித்துவிட்டு, "சரி, பத்து நிமிஷம்" என்றார்.

நான் மெக்கானிக்கல் முடித்தது 2011-ல். இரண்டு வருஷம் ஜங்ஷனுக்கும் வண்ணார்பேட்டைக்குமாக பயோடேட்டாவைச் சுமந்து அலைந்தேன். அப்போது ஒரு ஏஜென்ட் அண்ணாச்சி சொன்னார்: "தம்பி, தாய்லாந்துல இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆள் கேக்காங்க. உங்க இங்கிலீஷ் போதும். மாசம் 18,000 பாட்." நம் பக்கத்திலிருந்து டீச்சர் வேலைக்கு வெளிநாடு போவது புதிதல்ல. மாலத்தீவுப் பள்ளிக்கூடங்களில் நெல்லை, தூத்துக்குடி, குமரி ஆட்கள் எத்தனை பேர் பணி செய்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பாளையங்கோட்டையில் படித்தவனுக்கு இங்கிலீஷ் வராதா என்ற கர்வம் வேறு. 1,25,000 ரூபாய் கொடுத்தோம். அம்மாவின் வளையல் அதில் போனது.

"விசா?" என்று அப்பா கேட்டார். "டூரிஸ்ட் விசாவுல போகட்டும், அங்க போய் மாத்திக்கிடலாம்" என்றார் அவர்.

இந்த வாக்கியத்தை மட்டும் நினைவில் வையுங்கள். இது முழுப் பொய் அல்ல. அதுதான் இதன் ஆபத்து. அந்நாட்டில் இருந்துகொண்டே விசாவை மாற்ற முடிகிற சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனால் அதற்கும் வேலை கொடுப்பவர் முறையான தாள்களைக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்க மனசுள்ளவர் நாம் புறப்படுவதற்கு முன்பே கொடுத்துவிடுவாரே!

நான் போய்ச் சேர்ந்தது பாங்காக்கை ஒட்டிய ஊரில் ஒரு சின்ன டியூஷன் சென்டர். பத்து வயசுப் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள், "டீச்சர், டீச்சர்" என்று காலைச் சுற்றி வரும். அம்மா கொடுத்துவிட்ட நம்ம ஊர் அல்வாவை முதலாளிக்குக் கொடுத்தேன். பதிலுக்கு அவர் எனக்குக் கொடுத்தது வேறு அல்வா. முதல் மாசச் சம்பளத்தில் பாதி. இரண்டாவது மாசம் அதுவும் இல்லை. விசா முடியப் போகிறதென்று பஸ் ஏறி, மீகாங் ஆற்றைத் தாண்டி லாவோஸ் போய், இன்னொரு டூரிஸ்ட் விசாவோடு திரும்பினேன். அந்தச் செலவும் என்னுடையது.

ஒரு நாள் மதியம் பாடம் நடக்கும்போதே ஆபீஸ் பெண் ஓடி வந்து பின்வாசலைக் காட்டினாள். தொழிலாளர் துறையிலிருந்து சோதனைக்கு வந்திருந்தார்கள். நான் ஓடினேன். பின்னால் இருந்த நூடுல்ஸ் கடையின் சமையற்கட்டில், பாத்திரம் தேய்க்கிற இடத்தில், ஒன்றரை மணி நேரம் குந்தியிருந்தேன். ஜன்னல் வழியாக அந்தப் பிள்ளைகள் பார்த்தார்கள். பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைவிட, அவர்கள் பார்த்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அடுத்த வாரமே ஊருக்குத் திரும்பிவிட்டேன். சம்பள பாக்கியை யாரிடம் கேட்பது? போலீஸில் சொன்னால் முதல் குற்றவாளி நான்தானே. முறையான விசா இல்லாதவனுக்கு முதலாளி மட்டும்தான் சட்டம்.

முறை எது என்று பிற்பாடுதான் படித்தேன். தாய்லாந்தில் பாடம் சொல்ல வேண்டுமென்றால் பள்ளிக்கூடம் முதலில் அங்குள்ள அரசுத் துறைகளில் அனுமதி பெற்று, அந்தத் தாள்களை நமக்கு அனுப்ப வேண்டும். அதை வைத்து இங்கிருந்தே 'நான்-இமிகிரண்ட் பி' என்ற விசா வாங்க வேண்டும். போன பிறகு ஒர்க் பெர்மிட். ஆங்கிலம் தாய்மொழியல்லாத நம் போன்றோரிடம் டோயிக், ஐஇஎல்டிஎஸ் மாதிரி தேர்வு மதிப்பெண்ணும் கேட்பார்கள். டிகிரி சர்டிபிகேட்டில் நம் அரசு, வெளியுறவுத் துறை, தூதரகம் என்று வரிசையாக முத்திரை விழ வேண்டும். போலீஸ் சான்றிதழுக்குத் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்திலேயே மனுக் கொடுக்கலாம். எல்லாம் முடிய மாசக்கணக்காகும். ஏஜென்ட் பத்து நாளில் அனுப்புகிறேன் என்றால் இதில் எதையோ தாண்டிக் குதிக்கிறார் என்று பொருள்.

இன்னொன்று. 1983-ல் வந்த குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு உண்டா என்பதை 'இ-மைக்ரேட்' தளத்தில் யாரும் பார்க்கலாம். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. ஆனால் வேடிக்கை என்னவென்றால், பத்தாவது தேறாத கொத்தனார் வளைகுடாவுக்குப் போனால் அவர் தாள்களைக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் பார்க்கிறது. டிகிரி வாங்கிய நமக்கு அந்தச் சோதனை இல்லை. படித்தவன் ஏமாற மாட்டான் என்று சர்க்கார் நினைக்கிறது. நாமும் அப்படித்தான் நினைக்கிறோம்.

2022 ஆகஸ்டில் ஒரு ராத்திரி. நம் கல்லூரித் தம்பி ஒருவன் சென்னை விமான நிலையத்திலிருந்து போன் செய்தான். "அண்ணாச்சி, தாய்லாந்துல வேலை. கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ்ல பேசணும், மாசம் ஆயிரம் டாலர்." விசா என்னலே என்றேன். "அங்க இறங்கி வாங்கிக்கலாமாம்." கம்பெனி எந்த ஊர்? "மே சோட்."

மேப்பைப் பார்த்தேன். மே சோட் பர்மா எல்லை. மோயி என்று ஒரு ஆறு, நம்ம தாமிரபரணி மாதிரிதான்; அக்கரையில் மியாவாடி. வேலையும் சம்பளமும் பொருந்தவில்லை என்று தோன்றியது. போகாதே என்றேன். வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அழுதுகொண்டே திரும்பினான்.

அடுத்த மாசம், செப்டம்பர் 24-ல், இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் எக்ஸிகியூடிவ்' வேலை என்று கணினி தெரிந்த இளைஞர்களை அழைத்து, எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய் மோசடி வேலையில் அடைக்கிறார்கள் என்று. அக்டோபரில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். அதோடு முடியவில்லை. 2025 மார்ச் 10, 11 தேதிகளில் மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்களை அழைத்து வந்தார்கள். அங்கே ஆளை விடுவிக்கப் பணம் கேட்டதாகப் படித்தபோது எனக்கு இலங்கைத் தோட்டங்களின் 'துண்டு' நினைவுக்கு வந்தது. தொழிலாளியின் கடனை எழுதிய ஒரு தாள் அது; கடனைத் தீர்க்கிற தோட்டத்துக்கு ஆள் சொந்தம். 1921-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

அந்தத் தம்பி என்னோடு இப்போதும் பேசுவதில்லை. ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணம் திரும்பவில்லை. நகை அடகில் போய் மூழ்கிவிட்டது. அவன் அப்பா ஸ்ரீவைகுண்டம் பக்கம் வயல்காரர். "நீங்க சொல்லாம இருந்தா நல்லா இருந்திருப்பான்" என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார். நடக்காமல் போனதை எப்படி நிரூபிப்பது?

பத்து நிமிஷம் தாண்டிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். நான் இன்று மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். புறப்படுமுன் வேலை விசா வாங்கித்தான் போனேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேண்டீன் பக்கத்து வேப்பமரத்தடியில் இருப்பேன். வெளிநாட்டு ஆஃபர் லெட்டர் வைத்திருக்கிற தம்பி தங்கைகள் அதையும் விசாத் தாளையும் எடுத்து வாருங்கள். வாசித்துப் பார்ப்போம்.