மலை மேல் பழியைப் போடாதே!
(மதுரை கே.கே. நகர் ஆர்ப்பாட்டத்தில் ஆற்றிய உரை)



உசிலம்பட்டி, செக்கானூரணி, பேரையூர் பக்கமிருந்து பஸ் ஏறி வந்திருக்கீங்க. காடு கரையைப் போட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால சுருக்கமா ஒரே ஒரு கணக்கு சொல்றேன்.

நம்ம தக்காளியும் கத்தரிக்காயும் தேனி, கம்பம் வழியா குமுளி ஏறி கேரளாவுக்குப் போகுது. போன மாசம் என் சரக்குக்குக் கொடுத்த துண்டுச் சீட்டுல லாரி வாடகை தனி, ஏற்றுக்கூலி தனி, கமிஷன் தனி. அதுக்கும் மேல 'மலை டீசல்' என்று கிலோவுக்கு ஒரு ரூபாய் பிடித்தம்! கேட்டால், "மலை ஏறினா வண்டி டீசல் குடிக்கும்யா" என்று பதில்.

குடிக்கும். நாம மறுக்கவில்லை. எவ்வளவு குடிக்கும் என்பதுதான் கேள்வி.

கம்பத்துக்கும் குமுளிக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 500 மீட்டர். வண்டியும் 10 டன் சரக்குமாக 16 டன் எடையை அந்த உயரத்துக்குத் தூக்க சுமார் 6 லிட்டர் டீசல் கூடுதலாக ஆகும். இறங்கும்போது அது திரும்பக் கிடைக்காது. பிரேக்கில் சூடாகப் போய்விடும். குமுளி தாண்டி பீர்மேடு, குட்டிக்கானம் ஏற்றம் இருக்கு. திரும்பி வருகிற காலி வண்டியும் மலை ஏறித்தான் வரணும். எல்லாம் சேர்த்துத் தாராளமாக 20 லிட்டர் என்றே வையுங்கள். லிட்டர் 100 ரூபாய் என்றே வையுங்கள். மொத்தம் 2,000 ரூபாய். 10,000 கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 20 காசு!

பிடிப்பது ஒரு ரூபாய். லோடுக்கு 10,000 ரூபாய். மலைக்குப் போனது 2,000. மீதி 8,000 யார் மடியில் விழுகிறது?

டிரைவர் மடியில் இல்லை தோழர்களே. ஏறின கியரிலேயே இறங்கி, ராத்திரி முழுக்கக் கண் முழித்து ஓட்டுகிற அவரும் நம்மைப் போல உழைப்பாளிதான். அவரோடு நமக்குச் சண்டை இல்லை.

அடுத்து அரசாங்கம். 2014 அக்டோபரில் டீசல் விலையை எண்ணெய்க் கம்பெனிகள் கையில் விட்டார்கள். 2017 ஜூன் 16 முதல் விலை தினம் தினம் மாறலாம் என்றார்கள். 2020-ல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை படுத்தபோது நமக்குக் குறைந்ததா? இல்லையே! அந்த மே மாதம் மத்திய கலால் வரியை லிட்டருக்கு 31 ரூபாய் 83 காசாக ஏற்றினார்கள். அதே 20 லிட்டருக்கு அந்த வரி மட்டும் 636 ரூபாய். 2021 நவம்பரில் 10 ரூபாயும், 2022 மே மாதம் 6 ரூபாயும் குறைத்தார்கள். ஆனால் வரி ஒழியவில்லை. அதற்கு மேலே மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரி வேறு. லாரிக்கு மட்டுமா? உழவு டிராக்டருக்கும் நாமதான் கட்டுறோம்.

ஆகவே கேட்கிறோம்:

1. துண்டுச் சீட்டு ஒழியட்டும். வாடகை, கூலி, கமிஷன் எல்லாம் தனித்தனியாக எழுதிய முறையான பில் கொடு!

2. வாடகைக்கு மேல் 'மலை டீசல்' பிடிப்பதை நிறுத்து!

3. மத்திய, மாநில அரசுகளே, டீசல் வரியைக் குறை!

ஊருக்குப் போனதும் அவரவர் சீட்டை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளை விட்டுக் கூட்டச் சொல்லுங்கள். 'மலை டீசல்' என்று எழுதியிருந்தால் சங்கத்திடம் கொண்டு வாருங்கள். ஒருத்தர் கேட்டால் அதட்டுவான். ஊரே கேட்டால் கணக்குக் காட்டுவான்.

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!