நெடுந்தீவுக் குதிரைகளைக் காணச் செல்வோர்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆடி அமாவாசைக்குப் பின்னர்க் கொடியேறும். 25 நாள் திருவிழா. கொழும்பிலிருந்தும் கடல் கடந்தும் வந்த சுற்றத்தார், தேரும் தீர்த்தமும் கண்டபின் தீவுகளையும் பார்த்துவர விரும்புவது இயல்பு. பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைந்தால், அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணிநேரப் படகுப் பயணத்தில் நெடுந்தீவு.

பவளக்கல் வேலிகளும் பனைகளும் நிறைந்த அத்தீவின் வெளிகளில் மட்டக்குதிரைகள் கட்டின்றி மேய்கின்றன. போர்த்துக்கேயர் காலத்தில் வந்து, ஒல்லாந்தரால் பெருக்கப்பெற்ற குதிரைகளின் வழித்தோன்றல்கள் இவை. குதிரை வளர்ப்புக் கைவிடப்பட்டபின் தாமே காட்டுயிராயின. 2015ஆம் ஆண்டில் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஆயினும் அறிவிப்பு நீரைத் தராது. தீவில் ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறையினுள் மழைநீர், உவர்நீரின்மேல் மெல்லிய படலமாய் மிதக்கின்றது. கிணற்றில் மிகுதியாக இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையே ஆண்டு முழுமைக்கும் முதல். அம்முதல் கரைந்து, குட்டைகள் வெடித்துக் கிடக்கும் காலமும் நல்லூர்த் திருவிழாக் காலமும் ஒன்றே! கடும் வறட்சி ஆண்டுகளில் குதிரைகள் தாகத்தால் மடிந்ததுண்டு.

ஆதலின், நீர்த்தொட்டியருகே குதிரைகள் நிற்கக் கண்டால் விலகி நிற்றல் வேண்டும். படம் பிடிக்கும் ஆவலில் நெருங்கினால், அவை குடியாமலே ஓடிவிடும். வெயிலில் மீண்டும் எப்போது வருமோ! மோட்டார்ச் சைக்கிளில் துரத்துவதோ கொடுமையிலும் கொடுமை. வந்தவர்க்கு வயிறார இடுவது தமிழர் பண்பெனினும், குதிரைக்குப் பாணும் பிஸ்கட்டும் விருந்தாகா. குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. ஒவ்வாத உணவு குடலில் வலியை மூட்டி உயிரையே வாங்கலாம். காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பையும் அவ்வாறே.

குடிநீரைச் செல்வோரே கொண்டுசெல்லலாம். வெறும் போத்தலையும் படகிலேயே திருப்பிக் கொண்டுவரலாம். தீவு மக்களின் கிணறும் குதிரைகளின் குட்டையும் அந்த ஒரே மழையையே நம்பியுள்ளன.

விடுமுறையை மாற்றிக்கொள்ள இயன்றவர்க்குத் தை, மாசி மாதங்களே ஏற்றவை. மாரிக்காலக் கொந்தளிப்பு அடங்கியிருக்கும், புல் பசுமையாயிருக்கும், நீரைத் தேடி ஓரிடத்தில் நெருக்குண்டு நில்லாமல், குதிரைகள் வெளியெங்கும் பரந்து மேயும்.