முறையான திருட்டு

திருட்டு என்றாலே முகம் சுளிப்பவர்கள் நாம். ஆயினும், விதிக்கு உட்பட்டு, பலர் பார்க்கப் பட்டப்பகலில் நடைபெறும் ஒரு திருட்டைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறோம். சாஃப்ட்பால் ஆட்டத்தில், மட்டையாளர் பந்தை அடிக்காதபோதே, தளத்தில் நிற்பவர் அடுத்த தளத்திற்கு ஓடிச் சேர்வதைத் தளம் திருடுதல் என்பர்.

1887-இல் சிகாகோ நகரில் உள்ளரங்க விளையாட்டாகத் தோன்றியது சாஃப்ட்பால். 1996 முதல் 2008 வரையும், பின்னர் 2021-இல் டோக்கியோவிலும் மகளிர்க்கான ஒலிம்பிக் ஆட்டமாக விளங்கியது. 2028-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இதனை மீண்டும் சேர்ப்பதென 2023-இல் முடிவாயிற்று. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பிள்ளைகள் சிலரும் பள்ளியில் இதனைப் பயிலக்கூடும். ஆகவே பெற்றோரும் இதன் நுட்பத்தை அறிந்திருத்தல் நன்று.

பேஸ்பாலில் ஓட்டக்காரர் முன்னதாகவே தளத்தை விட்டுச் சில அடிகள் நகர்ந்து நிற்கலாம். சாஃப்ட்பாலில் அதற்கு இடமில்லை. பந்து வீசுபவரின் கையை விட்டு அகலும்வரை கால் தளத்தைத் தொட்டிருக்க வேண்டும். முந்தினால் அவ்வீச்சு செல்லாது, ஓட்டக்காரரும் ஆட்டமிழப்பார். ஒரு முறைக்கு மூவர் ஆட்டமிழந்தால் அணியின் வாய்ப்பே முடிந்துவிடும். அவசரப்பட்ட ஒரு கால் அதில் மூன்றில் ஒரு பங்கை வீணாக்கிவிடுகிறது அன்றோ? பிந்தினாலோ, கேட்சரின் எறி முந்திக்கொள்ளும். தளங்களுக்கிடையே உள்ள தொலைவு 60 அடிதான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, மகளிர் ஆட்டத்தின் 43 அடித் தொலைவை அரை வினாடிக்குள் கடந்துவிடும்.

எனவே நிற்கும் முறையிலேயே பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. முறைகள் இரண்டு. முதலாவது, ஒரு காலைத் தளத்தின் விளிம்பில் ஊன்றி, மற்றொன்றை ஓரடி முன்னே வைத்து, முழங்கால்களை மடக்கி, உடலைத் தாழ்த்தி நிற்பது. இது எளிது, தவறு குறைவு, இளையோர்க்கு ஏற்றது. இரண்டாவது, இடக்காலைத் தளத்தின் முன்விளிம்பில் பதித்து, வலக்காலைத் தளத்திற்குப் பின்னே வைத்து, வீச்சின் தாளத்திற்கேற்பப் பின்னிருந்து முன்னே அசைந்து கிளம்புவது. பந்து கையை விடும்போது வலக்கால் முன்னே பாய்ந்துகொண்டிருக்கும். இடக்கால் தளத்தை உந்தும். உடல் ஏற்கெனவே இயங்குவதால் வேகம் மிகும். ஆனால் தாளம் சற்றுப் பிசகினாலும் நடுவர் கை உயர்ந்துவிடும்.

பார்வை வீசுபவரின் இடுப்பருகே பதிந்திருக்க வேண்டும். சுழன்று வரும் கை பந்தை விடுவது அங்கேதான். பந்து விடுபட்டதைக் கண்டபின் கிளம்ப நினைத்தால் தாமதமாகிவிடும். கையின் சுழற்சியைக் கணித்தே கிளம்ப வேண்டும். முதல் மூன்று அடிகள் குறுகியவையாய், வலியவையாய் அமைக. உடனே நிமிர்தல் கூடாது. கைகள் வேகமாக வீசப்படுக. நேர்க்கோட்டில் ஓடித் தளத்தை நெருங்கியதும், மோவாயை மார்போடு சேர்த்து, ஒரு காலை மடித்துச் சறுக்குக. கைகளைத் தரையில் ஊன்றினால் மணிக்கட்டு முறியக்கூடும்.

இதற்குப் பந்துகூட வேண்டுவதில்லை. மாலையில் ஒருவர் கையைச் சுழற்ற, பிள்ளை ஒரு பலகைமேல் கால் வைத்துக் கிளம்பிப் பழகலாம். கிரிக்கெட்டிலும் பந்து வீசப்படுமுன் கோட்டை விட்டு வெளியேறுபவர் ஆட்டமிழக்க நேரிடும் என்பதை நாம் அறிவோம். பொறுத்திருப்பதும் பாய்வதும் ஒரே கணத்தில் கூடுமாயின், அத்திருட்டை நடுவரும் ஏற்பார்.