கயத்தாற்றில் எத்தனை எழுத்து?



கயத்தாறு என்னும் ஊர்ப் பெயரில் எத்தனை எழுத்துக்கள் உள்ளன? தொடக்கப் பள்ளிச் சிறுவனும் விரலை மடக்கி, க, ய, த், தா, று என எண்ணி, ஐந்து என்று விடை கூறிவிடுவான். அதே வினாவைக் கணினியிடம் கேட்டால் ஒரே விடை கிடைப்பதில்லை. ஒரு மென்பொருள் எட்டு என்னும். மற்றொன்று இருபத்துநான்கு என்னும். வேறொன்று ஏழு என்னும். அரிதாகச் சில மென்பொருள்களே ஐந்து என்று கூறும். இவற்றுள் எதுவும் பொய்யுரைக்கவில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருளை எண்ணுகின்றது. ஆயினும் இந்த எண்ணிக்கை வேற்றுமையால் தமிழில் எழுத முற்படுவோர் படும் தொல்லை சிறிதன்று. எழுத்துத் திரையில் சொற்களைத் திருத்துவதற்குரிய சிறு பெட்டியை அமைப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள். அதை ஆங்கிலத்தார் விட்ஜெட் என்பர். நாம் எழுதும் பெட்டி என்றே சொல்லிக்கொள்வோம்.

முதலில் எழுத்துத் திரை என்பது யாது? இன்று கணினி என்றவுடன் படங்களும் வண்ணச் சாளரங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை யாவும் இன்றி, கருநிறத் திரையில் வரிவரியாக எழுத்துக்கள் மட்டும் தோன்றும் முனையம் என்னும் அமைப்பு இன்னும் மறைந்துவிடவில்லை. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடம் என்று நாடறிந்த கயத்தாறு, இன்று காற்றாலைகளாலும் அறியப்படுகின்றது. தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் அங்கேதான் உள்ளது. ஆளில்லா வெளியில் நின்று இரவும் பகலும் அளவெடுக்கும் இத்தகைய கருவிகளோடும், தொலைவிலுள்ள கணினிகளோடும் மெதுவான தொடர்பின் வழியே பேச வேண்டுமாயின், உலகெங்கும் பொறியாளர்கள் நாடுவது பெரும்பாலும் இந்த எழுத்துத் திரையையே. படம் வந்து சேர நேரமாகும். எழுத்து நொடியில் வந்துவிடும். பழைய, விலை குறைந்த கணினியிலும் அது ஓடும்.

இதன் பரம்பரை தொலைதட்டச்சுப் பொறியிலிருந்து தொடங்குகின்றது. 1963-இல் வந்த டெலிடைப் 33 என்னும் பொறி காகிதச் சுருளின் மேல் ஒரு வரிக்கு 72 எழுத்துக்களை அடித்தது. 1978-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட விடி100 என்னும் முனையம் 24 வரிகளும், வரிக்கு 80 அறைகளும் கொண்டது. அந்த 80 என்னும் எண், 1928-இல் ஐபிஎம் கொணர்ந்த துளையட்டையின் 80 பத்திகளோடு ஒத்திருப்பதைக் காண்க. இன்று நம் கணினியில் திறக்கும் முனையச் சாளரமும் அந்த விடி100-ஐப் போலவே நடிக்கும் ஒரு மென்பொருள்தான். அட்டை போயிற்று, சுருள் போயிற்று. அறைகள் மட்டும் நிலைத்துவிட்டன.

அறை என்றேன். கோவில்பட்டி வட்டாரத்தார்க்கு இதனை விளக்குவது எளிது. கையால் தீப்பெட்டி செய்த தொழிலகங்களில், மருந்தில் தோய்ப்பதற்கு முன் குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவர். சட்டத்தின் பட்டையில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சி. இரண்டு குச்சி ஒரே பள்ளத்தில் விழுந்தாலும், ஒரு குச்சி இரண்டு பள்ளத்தை அடைத்தாலும் அடுத்த வேலை கெட்டுப்போகும். முனையத் திரையும் அத்தகைய சட்டமே. ஓர் அறைக்கு ஓர் எழுத்து என்பது அதன் விதி. ஆங்கில எழுத்துக்கள் அந்த விதிக்கென்றே பிறந்தவை போல அமைதியாக அமர்ந்துவிடுகின்றன.

எழுதும் பெட்டிக்கு மூன்று கடமைகள் உண்டு. எழுதியதை நினைவில் வைத்திருக்க வேண்டும். இடங்காட்டி எங்கே நிற்கின்றது என்பதை அறிந்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் திரையில் சரியாக வரைய வேண்டும். முதற் கடமையை அறிஞர்கள் அழகாகத் தீர்த்துவிட்டனர். கலியாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போட்டு வரிசை நிரம்பிய பின், நடுவில் ஒருவரை உட்கார வைக்க வேண்டுமானால் அவருக்குப் பின்னுள்ள அனைவரும் எழுந்து நகர வேண்டும். விவரமறிந்த வீட்டுக்காரர் ஆட்கள் வந்து சேரும் இடத்திலேயே சில இலைகளைக் காலியாக விட்டுவைப்பார். ஈமேக்ஸ் என்னும் புகழ்பெற்ற திருத்தி இந்த முறையையே கையாளுகின்றது. இடங்காட்டி நிற்கும் இடத்தில் ஓர் இடைவெளி; எழுதும் எழுத்துக்கள் அதில் நிரம்பும்; இடங்காட்டி நகர்ந்து வேறிடத்தில் எழுதத் தொடங்கினால் இடைவெளியும் அங்கே நகரும். மூலத்தைத் தொடாமல் வைத்துச் சேர்ப்புக்களை மட்டும் தனி ஏட்டில் குறித்துக்கொள்ளும் வேறொரு முறையும் உண்டு. செய்த திருத்தத்தை மீட்பதற்கு அது மிக வசதியானது. இவற்றில் தமிழுக்கென்று தனிச் சிக்கல் இல்லை.

சிக்கல் மற்ற இரண்டில் உள்ளது. 1991-இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 128 இடங்கள் கொண்ட ஒரு தெரு. நம் மரபில் எழுத்துக்கள் 247 அல்லவா? அத்தனைக்கும் தனித்தனிக் குறியெண் தரப்படவில்லை. உயிருக்கும் அகரமேறிய மெய்க்கும் எண்கள் உண்டு. கால், கொம்பு, கொக்கி, புள்ளி ஆகிய குறிகளுக்குத் தனி எண்கள் உண்டு. ஆகவே கயத்தாறு என்பது க, ய, த, புள்ளி, த, கால், ற, உகரக்குறி என எட்டுக் குறியெண்களாகின்றது. யூடிஎஃப்-8 என்னும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டு இடம் கொள்வதால், எட்டை மூன்றால் பெருக்க இருபத்துநான்கு. முற்கூறிய விடைகளில் இரண்டின் பொருள் இதுவே.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். முத்துலட்சுமி என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். ஏழு எழுத்து, பதின்மூன்று குறியெண், முப்பத்தொன்பது பைட்டு. ஒரு பதிவு மென்பொருளை எழுதியவர், பெயருக்கு இருபது போதும் என எண்ணி, இருபது பைட்டோடு வெட்டிவிட்டதாகக் கொள்வோம். ஆறு குறியெண்கள் முழுதாக நிற்கும். எஞ்சிய இரண்டு பைட்டுக்கள் பொருளற்ற கேள்விக்குறியாகத் தோன்றும், அல்லது மறைந்துபோகும். நிற்பது என்ன? முத்து. பெண்ணின் பெயர் பாதியில் முறிந்து வேறொருவர் பெயராகிவிட்டது. எல்லை பன்னிரண்டு குறியெண் என்றிருப்பின், இறுதி இகரக்குறி மட்டும் போய் முத்துலட்சும என நிற்கும். பெயர் ஒன்றாகவும் அட்டை ஒன்றாகவும் இருந்தால் அந்த அம்மாள் அலைய வேண்டிய அலுவலகங்கள் எத்தனை என்பதை நேயர்களே அறிவீர்கள். பெட்டியைச் செய்தவர் எதை எண்ணினார் என்பது அவரோடு நின்றுவிடும் காரியமன்று.

இனி வரைதலுக்கு வருவோம். ஒரு குறியெண் திரையில் எத்தனை அறை கொள்ளும் என்பதை மென்பொருள்கள் ஓர் அட்டவணையைப் பார்த்துத் தெரிந்துகொள்கின்றன. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்க்கஸ் குன் என்பார் எழுதி யாவர்க்கும் இலவசமாக வழங்கிய அட்டவணை அவற்றுள் புகழ்பெற்றது. அவர் கொண்ட விதி இது: பக்கத்தில் இடம் பிடிக்காத குறிகளுக்குப் பூச்சியம், பிடிக்கும் குறிகளுக்கு ஒன்று. யூனிகோடு, புள்ளியையும் ஈகாரக் குறியையும் இடம் பிடிக்காதவை என்று வகுத்திருக்கின்றது; இகரக் குறியை இடம் பிடிப்பது என்று வகுத்திருக்கின்றது. அதன் விளைவைப் பாருங்கள். கி என்னும் குறில் இரண்டு அறை பெறும். கீ என்னும் நெடில் ஒரே அறையில் ஒடுங்கும்! குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று வகுத்த தொல்காப்பியர் இதைக் கண்டால் என்ன சொல்வாரோ! இந்தக் கணக்கின்படி கயத்தாறு ஏழு அறை. எழுத்தை முழுதாக எண்ணும் புதிய முனையங்களில் ஐந்து அறை. பெட்டி ஏழு என்று நம்பி, முனையம் ஐந்து என்று வரைந்தால், இடங்காட்டி சொல்லுக்கு இரண்டு அறை அப்பால் வெற்றிடத்தில் போய் நின்று சிமிட்டும். அங்கிருந்து ஓர் எழுத்தை அழித்தால் கண் பார்த்தது ஒன்று, கை அழித்தது மற்றொன்று. முனையத்தில் தமிழ் எழுத முயன்று வெறுத்து விட்டவர்களில் பெரும்பாலோர் கண்ட காட்சி இதுதான்.

ஆனால் இது கணினியோடு பிறந்த தொல்லை அன்று. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்க முற்பட்டபோதும் இதே சட்டமே அவர் முன் நின்றது. விசையை அடித்தால் உருளை ஓர் அடி நகரும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். மெய்யின் தலையில் புள்ளி வைப்பது எங்ஙனம்? அடித்தாலும் உருளையை நகர்த்தாத விசைகளால் அதனைத் தீர்த்தார்கள். பூச்சிய அகலம் என்று இன்று அட்டவணையில் எழுதப்படுவது வேறென்ன? எத்தனை பெரிய எழுத்தானாலும் சிறிய எழுத்தானாலும் ஒரே அகலத்தில் அடங்க வேண்டிய நெருக்கடியும் அப்போதே இருந்தது. ரகரமும் ணகரமும் ஒரே அறையில் அமர்ந்தால் ஒன்று தளர்ந்தும் மற்றொன்று நெருங்கியும்தான் தோன்றும். சீன எழுத்துக்களுக்கு முனையத்தில் இரண்டு அறை தருகின்றனர். நம் ணௌவுக்கு அந்த மரியாதை அட்டவணையில் எழுதப்படவில்லை.

பெட்டி செய்வோர் செய்யத்தக்கது யாது? குறியெண்ணை எண்ணாமல், மெய்யும் அதன் குறியும் சேர்ந்த முழு எழுத்தை எண்ண வேண்டும். இதற்கான விதிகளை யூனிகோடு தன் இருபத்தொன்பதாம் இணைப்பில் வகுத்துள்ளது. தமிழுக்கென்றே எழுந்த ஓப்பன் தமிழ் என்னும் கட்டற்ற நிரல் தொகுப்பும் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். அம்புக்குறி விசையை அழுத்தினால் இடங்காட்டி ஒரு முழு எழுத்தைத் தாண்ட வேண்டும். கொ என்பதன் நடுவே அது நிற்கக் கூடாது. ஒற்றைக்கொம்பு இடப்புறமும் கால் வலப்புறமும் இருக்கையில், ககரத்தை அடுத்து நிற்பது என்றால் எங்கே நிற்பது? வரியை மடக்கும்போதும் எழுத்தைப் பிளந்து காலை மட்டும் அடுத்த வரிக்கு அனுப்புதல் ஆகாது.

அழிக்கும் விசையைப் பற்றி மட்டும் என் கருத்து சற்று மாறுபட்டது. இடங்காட்டிக்கு முன்னுள்ளதை அழிக்கும்போது முழு எழுத்தையும் அழிக்க வேண்டும் என்பார் உளர். கோ என்று எழுத நினைத்துக் கொ என்று எழுதிவிட்டவன் குறியை மட்டும் அழித்து மாற்ற விரும்புவான். ககரத்தை மீண்டும் அடிப்பது அவனுக்குத் தண்டனை. எனவே பின்னோக்கி அழிக்கையில் கடைசியாக இட்ட குறியையும், முன்னோக்கி அழிக்கையில் முழு எழுத்தையும் நீக்குவதே தக்கது. விரல் எந்த முறையில் எழுதியதோ அந்த முறையிலேயே திரும்பி வருகின்றது.

அறைக் கணக்கில் முனையமும் பெட்டியும் பிணங்கும்போது, பெட்டி ஊகிப்பதை விட்டு, முனையத்தையே கேட்டுவிடலாம். இடங்காட்டி இப்போது எங்கே நிற்கின்றது என்று வினவும் கட்டளை விடி100 காலத்திலிருந்தே உண்டு. ஓர் எழுத்தை எழுதி, எத்தனை அறை நகர்ந்தாய் என்று கேட்டு, விடையைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும். அண்மைக் காலத்தில் சில முனையங்கள், நான் முழு எழுத்தாக எண்ணுகின்றேன் என்று முன்கூட்டியே அறிவிக்கும் வழக்கம் ஒன்றையும் மேற்கொண்டுள்ளன. அதற்கு 2027 என்று எண் இட்டிருக்கின்றனர். அது ஆண்டன்று, முறைமையின் எண்.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே எண் தந்துவிட்டால் இத்தனை வம்பு இல்லையே என்று தோன்றும். 2010-இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடோடு சேர்த்து அங்கீகரித்த டேஸ்-16 என்னும் முறை அதைத்தான் செய்தது. ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் வைக்கப்பட்டமையால் உலகத்து மென்பொருள்கள் அதைத் தாமாக அறிந்துகொள்வதில்லை. ஆகவே தெருவில் கிடைத்த 128 இடங்களை வைத்துக்கொண்டே நாம் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கின்றது.

அங்கும் ஓரிரு முடிச்சுக்கள் எஞ்சியுள்ளன. ஸ்ரீ என்பது நான்கு குறியெண். கண்ணுக்கு ஓர் எழுத்து. யூனிகோடு விதிப்படி அது இரண்டு. க்ஷவும் அப்படியே. இவற்றின் நடுவே இடங்காட்டி நிற்பதற்கு இடமே இல்லையாதலால், இவ்விரண்டையும் தனிப் பட்டியலில் எழுதி ஓர் எழுத்தாகவே தாண்டச் செய்வது நலம். நிரலில் இதற்கு நான்கைந்து வரிகளுக்கு மேல் ஆகாது.